எப்போது உண்கிறோம், எப்போது உறங்குகிறோம்?
(ஆண்டு விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடல் பருமனைப் பற்றிப் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். எண்ணெயைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். ஆகவே இன்று வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நாம் எப்போது உண்கிறோம்? எப்போது உறங்குகிறோம்? கோழி கூவுமுன் எழுகிற மனிதருக்கும், கோட்டான் போல் இரவெல்லாம் விழித்திருக்கிற மனிதருக்கும் உடல் எடையில் வேறுபாடு உண்டா? உண்டென்றால் அதற்கு என்ன காரணம்? இதுதான் இன்றையப் பேச்சு.

முதலில் நம் நிலையைப் பார்த்துக்கொள்வோம். நம் நாட்டின் சுகாதார அமைச்சு நடத்துகின்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019இல் வயது வந்த மலேசியர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. நீரிழிவு, அதாவது நாம் இனிப்பு நீர் என்று சொல்கிறோமே அந்த நோய், 2023 கணக்கின்படி வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. மூன்று பெரிய இனங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இனிப்பு நீர் மிகுதியாக இருப்பது நம் இந்தியச் சமுதாயத்தில்தான். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் வீட்டில் ஒருவருக்காவது இனிப்பு நீர் இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால், எத்தனை கைகள் உயரும் என்பது உங்களுக்கே தெரியும்.

விடியலில் எழுந்த சமுதாயம்

அன்பர்களே, நாம் எங்கிருந்து வந்தவர்கள்? கித்தாத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்து வாழ்க்கை முழுக்க முழுக்க விடியற்காலை வாழ்க்கை. இருட்டோடு எழுந்து, ஒரு குவளை கோப்பி குடித்துவிட்டு, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். ஏன் அவ்வளவு அதிகாலையில்? வெயில் ஏறாத குளிர்ந்த நேரத்தில்தான் மரத்திற்குள் பாலின் அழுத்தம் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். தோட்டத்துரை சொன்னதற்காக மட்டும் நாம் எழவில்லை. மரமே நம்மை எழுப்பியது.

வேலைக்கு நடுவே பசியாறல். பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து பகலுணவு. பொழுது சாய்ந்ததும் இரவுச் சோறு. பல தோட்டங்களில் இரவு 9 மணி, 10 மணியோடு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு விழித்திருந்து செய்வதற்கு என்ன இருக்கிறது? படுக்கைதான். தோட்ட வாழ்க்கையில் வறுமை இருந்தது, அடக்குமுறை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் சூரியனோடு ஒத்துப் போயின. அது உண்மை.

சுங்கை வேயின் இரவுகள்

1971இல் தடையற்ற வாணிப வலயச் சட்டம் வந்தது. 1972இல் நம் சுங்கை வேயில் தொழிற்சாலைகளுக்கென்று தனி வலயம் அமைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வேலை இழந்த குடும்பங்கள், புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் குடியேறின. நம் பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, வீட்டிற்கு முன்பணம் கட்டப்பட்டது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வேலை ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. பிறகு பல இடங்களில் 12 மணி நேர ஷிப்டும் வந்தது. இரவு 11 மணிக்கு பேக்டரி பஸ் ஏறிய பிள்ளை நடுநிசி கழிந்து 3 மணிக்குச் சோறு சாப்பிடும். ஆண்களில் பாதுகாவலர் வேலை, லாரி ஓட்டும் வேலை, கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை. இரவெல்லாம் திறந்திருக்கும் மாமாக் கடை. நண்பர்களோடு உட்கார்ந்தால் பந்து விளையாட்டு முடிகிற வரைக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும்.

ஒரே தலைமுறைக்குள் நாம் விடியற்காலைச் சமுதாயமாக இருந்து இரவுச் சமுதாயமாக மாறிவிட்டோம். பாட்டி எழுந்த நேரத்தில் பேரன் படுக்கைக்குப் போகிறான். உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். கண் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொண்டு பகல் எது, இரவு எது என்று அது அறிந்துகொள்கிறது. கல்லீரல், கணையம், குடல், தசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. தலைமைக் கடிகாரத்திற்கு வெளிச்சம் எப்படியோ, வயிற்றுப் பகுதிக் கடிகாரங்களுக்கு உணவு வேளை அப்படி. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கோயிலில் வேளைக்கு வேளை பூசை முறை உண்டல்லவா? அதுபோல உடம்புக்கும் வேளை உண்டு. காலையில் கணையம் சுறுசுறுப்பாக இன்சுலினைச் சுரக்கிறது. இரவு ஏற ஏற மெலடோனின் என்ற உறக்கச் சுரப்பு கூடுகிறது. இன்சுலினின் வேலை மந்தமாகிறது. அதே ஒரு தட்டுச் சோற்றைக் காலை 8 மணிக்குச் சாப்பிட்டால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை விட, இரவு 11 மணிக்குச் சாப்பிட்டால் அதிகமாக ஏறும். சோறு மாறவில்லை, வேளை மாறியிருக்கிறது.

கோழியும் கோட்டானும்

எல்லாருடைய கடிகாரமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. சிலர் இயல்பாகவே 9 மணிக்குக் கண் சொக்கிவிடுவார்கள். 5 மணிக்குத் தாமாக எழுவார்கள். சிலருக்கு இரவு 11 மணிக்குத்தான் மூளையே விழித்துக்கொள்ளும். இது பெரும்பாலும் பிறவி அமைப்பும் வயதும் சேர்ந்து உண்டாக்குவது. குழந்தைகள் சீக்கிரம் எழுவார்கள். பருவ வயதில் கடிகாரம் தள்ளிப் போகிறது. 20 வயதை ஒட்டி அது மிகவும் பிந்தி நிற்கும். பிறகு படிப்படியாக முந்தி வரும். ஆகவே 17 வயதுப் பையன் இரவு 12 மணி வரை தூங்காமல் புரண்டால், அது முழுக்கச் சோம்பேறித்தனம் அல்ல, தாய்மார்களே! அவன் உடம்பில் இரவு இன்னும் வரவில்லை.

சரி, எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2012இல் ஜெர்மனியின் மூனிக் நகர ஆய்வாளர்கள் 65,000க்கும் மேற்பட்டவர்களின் உறக்கப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். வேலை நாளில் ஒரு நேரம், விடுமுறை நாளில் வேறொரு நேரம் என்று உறக்கம் எந்த அளவுக்கு முன்னும் பின்னும் இழுபடுகிறதோ, அந்த அளவுக்கு அதிக எடை காணப்படும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. கோட்டான்களுக்குத்தான் இந்த இழுபறி அதிகம். உடம்பு 8 மணிக்கு எழச் சொல்கிறது. முதலாளி 5 மணிக்கு எழச் சொல்கிறார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவரைப் போல வேலைக்குப் போகிறார்கள்.

உறக்கம் குறைந்தால் பசி கூடும். 2004இல் சிக்காகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டுச் சோதித்தார்கள். போதும் என்று சொல்லும் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது; பசிக்கிறது என்று சொல்லும் சுரப்பு 28 விழுக்காடு கூடியது. அவர்கள் மனம் நாடியது இனிப்பையும் மாவுப் பண்டங்களையும்தான். இரவு வேலை முடிந்து வருகிறவர் நெய் மணக்கும் கடையைத் தாண்டி வர முடியாமல் தவிப்பது மனவுறுதி இல்லாததால் மட்டுமல்ல என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

உணவு வேளையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2013இல் இஸ்ரேலில் அதிக எடையுள்ள பெண்களை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு 1,400 கலோரி. ஒரு பிரிவு அதில் 700ஐக் காலையிலும் 200ஐ இரவிலும் உண்டது. மற்றது 200ஐக் காலையிலும் 700ஐ இரவிலும் உண்டது. 12 வாரத்தில் காலையில் நிறைய உண்டவர்கள் சராசரியாக 8.7 கிலோ இளைத்தார்கள். இரவில் நிறைய உண்டவர்கள் 3.6 கிலோதான் இளைத்தார்கள். அதே ஆண்டு ஸ்பெயினில் 420 பேரிடம் நடந்த ஆய்விலும், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு மதிய உணவு உண்டவர்கள், ஏறக்குறைய அதே அளவே உண்டிருந்தும், குறைவாகவே இளைத்தார்கள்.

இந்த 700 கலோரி என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. தே தாரிக் சுமார் 150. இரண்டு ரொட்டியும் ஒரு தே தாரிக்கும் என்றால் 750. இரவு 12 மணிக்கு ஏதோ லேசாக என்று நாம் சாப்பிடுவது, அந்தப் பெண்களின் ஒரு நாள் உணவில் பாதிக்கு மேல்!

குற்றம் யாருடையது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அதிகாலையில் எழுபவர் புண்ணியவான், பிந்தி எழுபவர் உருப்படாதவர் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2019இல் ஏறத்தாழ 7 இலட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, விடியலில் எழும் இயல்போடு தொடர்புடைய 351 இடங்கள் மரபணுக்களில் கண்டறியப்பட்டன. அந்தப் பிறவி இயல்பே நேரடியாக எடையையோ இனிப்பு நீரையோ உண்டாக்குகிறது என்பதற்கு அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை.

2023இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 64,000 தாதியரிடம் நடந்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. காலை இயல்புடையவர்களை விட இரவு இயல்புடையவர்களுக்கு இனிப்பு நீர் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு அதிகம் என்று முதலில் தெரிந்தது. உணவு, உடற்பயிற்சி, உறக்கம், புகை, மது, எடை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோது அது 19 விழுக்காடாகச் சுருங்கியது. ஆக, தீமையின் பெரும்பங்கு நம் பழக்கத்தில் இருக்கிறது. பிறவியை மாற்ற முடியாது, பழக்கத்தை மாற்றலாம். இந்த நல்ல செய்தியை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு தூரம் பேசினேன்.

நம் நாட்டுக் கடிகாரம்

இன்னொரு செய்தி. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக ஆக்கினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.13க்கு. சென்னையில் அது 12.09. இங்கே பொழுது புலர்வது 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில். நம் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறும்போது வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. 6 மணி என்று கடிகாரம் சொன்னாலும் சூரியக் கணக்கில் அது 4.47தான்.

பக்தர்களுக்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்திற்கு 96 நிமிடம் முன்னதாகத் தொடங்கி 48 நிமிடம் முன்னதாக முடிவது. 7.15க்கு உதயம் என்றால் இங்கே அது 5.39 முதல் 6.27 வரை. தமிழ்நாட்டு வழக்கப்படி 4 மணிக்கு எழ முடியவில்லையே என்று மனம் குமைய வேண்டாம். நிம்மதியாக உறங்கி ஐந்தரைக்கு எழுந்து விளக்கேற்றுங்கள், வேளை தவறவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, காலை வெளிச்சம். விடிந்த பிறகு 20 நிமிடம், அரை மணி நேரம் வெளியே நடந்து வாருங்கள். பிந்தி ஓடும் கடிகாரத்தை முன்னே கொண்டுவர அதைவிடச் சிறந்த மருந்தில்லை, காசும் இல்லை. இரவில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படுத்தால் அதன் பலன் போய்விடும்.

இரண்டாவது, காலையில் பசியாறுங்கள். இரவுச் சோற்றை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரமே முன் உண்டது செரித்த பின் உண்பதைத்தானே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது? விரதம் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவு 9 மணிக்கு வடை பாயசத்தோடு வயிறு முட்ட உண்டால் உடம்புக்கு அது விரதம் ஆகாது. இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தையோ விரதத்தையோ மாற்றவே கூடாது.

மூன்றாவது, ஓய்வு நாளிலும் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள்.

நான்காவது, ஷிப்ட் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு. வேலையை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. ஆனால் 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இரவு வேலைபோல் விழித்திருக்க வைக்கப்பட்டவர்களில் இரவிலும் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆகவே வேலைக்குப் போகுமுன் வீட்டிலேயே நல்ல உணவு உண்டுவிட்டுப் போகட்டும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் முழுச் சாப்பாடு வேண்டாம். தாங்க முடியாத பசி என்றால் ஒரு பழம், கொஞ்சம் கடலை, சீனி இல்லாத தேநீர். வீடு திரும்பியதும் லேசாகப் பசியாறிவிட்டு இருட்டறையில் உறங்கட்டும். அந்த நேரத்தில் வீட்டார் தொலைக்காட்சியை அலற விடாமல் இருப்பதும் ஒரு தருமம்தான்.

ஐந்தாவது, அளந்து பாருங்கள். ஆசியர்களான நமக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். ஒரு தையல் நாடா போதும்.

அறப்பணிக்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, பொறுப்பாளர்களுக்கும் வள்ளல் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அன்னதானத்திற்கு நீங்கள் மனமுவந்து கொடுக்கிறீர்கள். திருவிழா இரவுகளில் பூசை முடிந்து, உபயகாரர்களுக்கு மாலை மரியாதை முடிந்து, உரைகள் முடிந்து, இலை போடும்போது பல இடங்களில் மணி பத்தைத் தாண்டிவிடுகிறது. முதியவர்களும் இனிப்பு நீர்க்காரர்களும் பசியோடு காத்திருந்து, அந்த வேளையில் சோறும் கேசரியும் பாயசமும் உண்கிறார்கள். பக்தியோடு கொடுப்பதை நாம் மறுக்க முடியாது. வேளையையாவது மாற்றலாம் அல்லவா? உரைகளைச் சுருக்கி, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 8 மணிக்குள் பந்தியை முடித்துவிடலாம்.

அதோடு, இரவு அன்னதானத்திற்கு வைக்கும் தொகையில் ஒரு பங்கைக் காலைப் பசியாறலுக்கு ஒதுக்கிப் பாருங்கள். வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து வந்து, சமைக்கத் தெம்பில்லாமல் கடையில் கிடைத்ததை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு இட்டலி, கொஞ்சம் சாம்பார், அவித்த கடலை. இதற்குப் பெரிய செலவில்லை. கொடுப்பவரின் புண்ணியமும் குறையாது. வாங்குபவரின் உடம்பும் கெடாது. திருவிழா நாளில் ஓர் ஓரத்தில் மேசை போட்டு, எடை, இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தால் இன்னும் நலம். தாமாகக் கிளினிக்குக்குப் போகாதவர்களும் கோயிலுக்கு வருவார்கள்.

நம் முன்னோர்கள் இருட்டில் எழுந்து மரம் வெட்டி இந்த நாட்டை உருவாக்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இருட்டில் விழித்திருந்து இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். உழைப்பு மாறவில்லை, வேளைதான் மாறியிருக்கிறது. மாறிய வேளை அவர்கள் உடம்பைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் கடமை, கோயிலின் கடமை, நம் எல்லாருடைய கடமை.